மேல்மட்ட எச்சரிக்கை

என்ன ஆனாலும் அந்த அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே சொல்லாத முடிவுகளில் நான் மிகவும் உறுதியானவன்.

அறை ஒன்றும் பெரிதல்ல. பத்தடிக்கு ஒன்பதடி, ஒரு ஜன்னல். நான் வேலை பார்ப்பது எண்ணெய்க் கிடங்கில். மூன்று மாடி உயரத்தில் பதினாறு தொட்டிகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மிதவை சுவிட்ச். எண்ணெய் ஏறினால் மிதவை ஏறும். மிதவை ஏறினால் அதன் தண்டிலிருக்கும் காந்தம் சுவிட்சைத் தட்டும். மணி அடிக்கும். யாராவது ஓடிப்போய் வால்வை மூடுவார்கள். அந்த மணி வேண்டிய நேரத்தில் அடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் இருபத்தேழு வருடமாக என் வேலை. கிடங்கில் கழித்துப்போட்ட சுவிட்சுகளைக் கேட்டு வாங்கி வந்து அந்த அறையில் சேர்த்துவைத்திருந்தேன். சேகரிப்பு என்று நான் சொல்வேன். என் மனைவி சொல்வதை எழுத முடியாது.

அவள் தையல்காரி. பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தைக்கிறாள். சாப்பாட்டில் நூல் கிடந்தால் நாங்கள் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஒருமுறை எனக்கு ஒரு கொக்கியே கிடைத்தது.

"என்னங்க, அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. நாலு பேருக்குத் தையல் சொல்லிக்குடுக்கப் போறேன்."

"அங்க முக்கியமான சாமான் எல்லாம் இருக்கு."

"எது? அந்த ஓட்டை உருண்டையா?"

"அது மிதவை."

"ஓட்டையா இருந்தா எப்படிங்க மிதக்கும்?"

நியாயமான கேள்வி. அதனால்தான் கோபம் வந்தது. கோபத்தைக் காட்டினால் பேச்சு நீளும். பேச்சு நீண்டால் நான் தோற்பேன். எனக்குத் தேவை பதில் அல்ல, ஓட்டம். ஆனால் கௌரவமான ஓட்டம்.

எங்கள் மொட்டைமாடித் தொட்டியின் வால்வு தேய்ந்துபோயிருந்தது. ஊர்க்குழாயில் தண்ணீர் வேகமாக வரும் நாட்களில் தொட்டி வழிந்து படிக்கட்டில் அருவி ஓடும். அங்கே ஓர் எச்சரிக்கை சுவிட்ச் வைக்கப்போகிறேன் என்று அறிவித்தேன்.

"அதுக்கு அந்த வால்வையே மாத்திடலாமே?"

"வால்வு வேற, அலாரம் வேற. ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தணும். பாதுகாப்புல அதுதான் அடிப்படை."

"ஒண்ணுதான் போயி ஒரு வருஷம் ஆச்சே?"

"அதனாலதான் இன்னொண்ணு வேணுங்கறேன்."

அவள் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

இந்த சுவிட்சுகளின் தலையில் ஒரு வளையம் உண்டு. அதைப் பிடித்துத் தூக்கினால் மிதவையும் கூடவே எழும்பும். தொட்டி காலியாக இருந்தாலும் மணி அடிக்கும். சோதனைக்காக வைத்தது. நான் அந்த வளையத்தில் தூண்டில் நரம்பைக் கட்டினேன். துணி காயப்போடும் கம்பத்தில் ஒரு சின்னக் கப்பியை மாட்டி, அதன் வழியாக நரம்பைச் சுவரோரம் இறக்கி, கூடத்து ஜன்னல் மூலையில் நுழைத்து, என் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்தேன். மணி, சமையலறை வாசலுக்கு மேலே.

அன்று மாலையே வாய்ப்பு வந்தது.

"என்னங்க, அந்த ரூம்..."

கையைப் பின்னால் விட்டு ஓர் இழுப்பு. கணகணவென்று மணி.

"ஐயையோ, தொட்டி!" என்று எழுந்தேன். ஓடும்போது செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டேன். அந்த நடிப்பில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

மேலே தொட்டி பாதிதான் இருந்தது. காற்று நன்றாக வந்தது. இருபது நிமிடம் கழித்து, சட்டையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு இறங்கினேன். அறையைப் பற்றிய பேச்சே இல்லை. அடுத்த வாரம் மாடியில் ஒரு மடக்கு நாற்காலி. அதற்கடுத்த வாரம் ஒரு துப்பறியும் நாவல்.

பக்கத்து மாடியில் துணி உலர்த்த வரும் நர்ஸம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"என்னண்ணா, இன்னிக்கும் நிரம்பிடுச்சா?"

"நிரம்பற மாதிரி இருந்துச்சும்மா."

"எங்க வீட்டுக் குழாயில ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி இல்லையே?"

"உங்க லைன் வேற, எங்க லைன் வேற."

"ரெண்டும் ஒரே லைன்னு நம்ம வீட்டுக்குப் பைப் போட்டவரு சொன்னாரு."

"அவருக்கு அனுபவம் பத்தாது."

நர்ஸம்மா தலையணை உறையை உதறினாள். உறைக்குப் பின்னால் சிரித்தாளா, தெரியவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மனைவியிடம் பொய் சொல்வேன். நர்ஸம்மாவிடம் சொல்வேன். ஆனால் சோதனை அட்டையில் மட்டும் இதுவரை ஒரு பொய் எழுதியதில்லை. கிடங்கில் ஒவ்வொரு சுவிட்சிலும் ஓர் அட்டை தொங்கும். முன்பக்கம் தேதி, நேரம், சோதனையா உண்மையா, சோதித்தவர் கையெழுத்து; பின்பக்கம் சரிபார்த்தவர் கையெழுத்து, குறிப்பு. மணி அடித்தால் எழுதியே ஆக வேண்டும். பொய்யான அட்டை இருப்பதைவிட அட்டையே இல்லாமலிருப்பது மேல் என்று புதிதாக வருபவர்களிடம் நானே அரைமணி நேரம் பேசுவேன். அப்படிப்பட்டவன் வீட்டு சுவிட்சை மட்டும் அட்டையில்லாமல் விடுவேனா? பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொங்கவிட்டேன். ஒவ்வொரு முறை மேலே போனதும் முதல் வேலை அதுதான். தேதி. நேரம். 'சோதனை'. கையெழுத்து. இது நேர்மையா, வெறும் பழக்கமா என்று நாற்காலியில் உட்கார்ந்து பலமுறை யோசித்திருக்கிறேன். கட்டியவளை ஏமாற்றுகிறவன் ஓர் அட்டைக்கு உண்மையாக இருப்பதில் என்ன பெருமை? விடை கிடைப்பதற்குள் துப்பறிவாளர் அடுத்த பிணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அவள் பேச்செடுப்பாள், மணி அடிக்கும், நான் ஏறுவேன். போகப்போக அவள் அடிக்கடி பேச்செடுத்தாள். ஒரே சனிக்கிழமை மூன்று தடவை. விடாப்பிடியான பெண் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாகக்கூட இருந்தது.

போன சனிக்கிழமை மதியம் இருபத்து நான்காவது தடவை ஏறினேன். அட்டையின் முன்பக்கம் நிரம்பிவிட்டிருந்தது. பேனாவை எடுத்து அட்டையைத் திருப்பினேன். கை அப்படியே நின்றது.

'சரிபார்த்தவர்' என்ற இடம் இருபத்து மூன்று வரிசையிலும் நிரம்பியிருந்தது. என் மனைவியின் கையெழுத்து, கடைசியில் அந்தச் சுழியோடு. பக்கத்தில் குறிப்பு. ஒவ்வொன்றாகப் படித்தேன்.

'ஓட்டை உருண்டைகள், ஒரு சாக்கு.'

'கம்பிகள், இரண்டு கட்டு.'

'அலமாரி. கனம். நர்ஸம்மா ஒரு பக்கம் பிடித்தாள்.'

'மேசை. அவர் சீக்கிரம் இறங்கிவிட்டார். பாதி வழியில் நின்றது. கவனிக்கவில்லை.'

'பெருக்கினேன்.'

'சுண்ணாம்பு, முதல் பூச்சு.'

'சுண்ணாம்பு, இரண்டாம் பூச்சு. வாசனை வருகிறதே என்றார். தொட்டி வாசனை என்றேன். தலையாட்டினார்.'

'மிஷின் வந்து இறங்கியது. மூன்று தடவை பேச்செடுக்க வேண்டியிருந்தது.'

கீழேயிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. அதைப் பக்கத்து வீட்டுச் சத்தம் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்திருந்தேன்.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். கதவைத் தள்ளினேன். வெள்ளைவெளேரென்று சுவர். இரண்டு தையல் மிஷின்கள். நான்கு பெண்கள். அவர்களில் ஒருத்தி நர்ஸம்மா. நடுவில், கழுத்தில் அளவு நாடாவோடு என் மனைவி.

"என் சாமான் எங்க?"

"நர்ஸம்மா வீட்டுக் கார் ஷெட்ல. ஒண்ணு குறையாம."

"கார் வாங்கற வரைக்கும் இருக்கட்டும்ணா," என்றாள் நர்ஸம்மா.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இருபத்து நாலு தடவை கேட்டேன். இருபத்து நாலு தடவையும் நீங்க மாடிக்குப் போயிட்டீங்க."

"அந்த நரம்பு... உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. பதினெட்டு வருஷமா ஊசியில நூல் கோக்கிறேன். நாற்காலிக்குப் பின்னால ஒரு நூல் தொங்கினா எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் திரும்பத் திரும்பப் பேச்செடுத்தே?"

"நீங்க மேல போகணுமே!"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, தைத்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எனக்குக் கடைசியாக ஓர் ஆயுதம் இருந்தது. குரலை உயர்த்தினேன். "இது என் ரூம்!"

"சரிங்க. கடைசியா இதுக்குள்ள எப்ப வந்தீங்க?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். இரண்டு மாதமாக இந்த அறைக்காக மாடிப்படி ஏறியிருக்கிறேன். நரம்பு இழுத்திருக்கிறேன், சட்டையை நனைத்திருக்கிறேன். ஒரு நாள்கூட இதன் கதவைத் திறக்கவில்லை. அதற்கு முன்னால்? ஒரு சுவிட்சைக் கொண்டுவந்து வாசலிலிருந்தே உள்ளே வைத்துவிட்டுப் போன ஞாபகம். ஜன்னலுக்கு வெளியே ஒரு கொய்யா மரம் இருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். கையைப் பிடித்து அறையின் நடுவுக்கு அழைத்துப்போனாள்.

"கோவிச்சுக்காதீங்க. உங்களை வெளிய தள்ளுவேனா? ஆம்பளைச் சட்டைக்கு அளவெடுக்கக் கத்துக்குடுக்கணும். நேரா நில்லுங்க. மூச்சை உள்ள இழுக்காதீங்க, பொய் அளவு வரும்."

நின்றேன். நாடா சுற்றியது. இடுப்பு முப்பத்தெட்டு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நர்ஸம்மா உரக்கப் படித்தாள். "நாப்பத்து மூணு." நால்வரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஆகவே வாசகர்களே, என் முடிவில் நான் உறுதியாகவே இருக்கிறேன். அந்த அறையில் எனக்கு இன்றும் ஓர் இடம் இருக்கிறது: சனி, ஞாயிறு, மாலை நான்கிலிருந்து ஐந்துவரை, இரண்டு கையையும் விரித்தபடி.