பிரெட்டும் ஆறிப்போன கறிக்குழம்பும்

பசியோடு இருப்பவரிடம் நீட்டி முழக்கிப் பேசக் கூடாது. அதுவும் அவர் மகளைக் கேட்டுப் போயிருக்கும்போது கூடவே கூடாது. இந்த ஞானம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்போது எனக்குக் கண்டோன்மெண்டில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேலை. நாலாவது பாரம் வரை படிப்பு. (பாஸா என்று கேட்காதீர்கள்.) 'பிரெட்' என்றால் ரொட்டி மட்டுமல்ல, பிழைப்பு என்றும் அர்த்தம் என்று எங்கள் துரை ஒருநாள் சொல்லிவிட்டார். அதிலிருந்து, அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அம்மாவும் நானும் நீலசந்திராவில் தையற்காரர் ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போனோம். சாப்பிட்டதும் பெண் தருவதாக வாக்குச் சொல்வார் என்று பேச்சு. பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்காக எல்லோரும் முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தவர்கள். இலையில் இட்லி, ஆவி பறக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு. ஜெபம் முடிந்து ஆமென் சொல்லும்வரை ஒருவரும் கை வைக்கமாட்டார்கள்.

"மாப்பிள்ளைத் தம்பியே ஜெபம் சொல்லட்டும்" என்றார் ஆரோக்கியசாமி.

பிதா சுதன் சொல்லிச் சிலுவை போட்டேன். வழக்கமான ஜெபத்தைச் சொல்லியிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். "ஆண்டவரே, இங்கிலீஷிலே பிரெட் என்று ஒரு வார்த்தை இருக்கிறது..." என்று ஆரம்பித்தேன். (ஆண்டவருக்கே இங்கிலீஷ் வாத்தியார்!) மாவு, அடுப்பு, ரொட்டி என்று போய், பிழைப்புக்கு வந்து, வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவனையும் அந்த வார்த்தையை வைத்துத்தான் 'பிரெட்வின்னர்' என்று அழைப்பார்கள், அப்பேர்ப்பட்டவன் அடியேனே என்றேன். அம்மா தொடையைக் கிள்ளினாள். உருகிவிட்டாள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன்.

காலைக் குளிரில் குழம்பின்மேல் கொழுப்பு ஆடை கட்டியது.

"தம்பி, சாமிக்கு இங்கிலீஷ் தெரியும்பா..." என்று முனகிய ஆரோக்கியசாமி அப்படியே இலையில் சாய்ந்தார். நெற்றியில் இட்லி.

"ஆமென்!" என்று அடுக்களை வாசலில் ஒரு கத்தல். "அப்பாவுக்குத் தண்ணி குடுங்க யாராச்சும்! ஏங்க, நீங்க மொதல்ல வாய மூடுங்க!"

பெண் லூர்துமேரிதான். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

அம்மா அவமானத்தில் எழுந்துவிட்டாள். "எங்கம்மா போறீங்க? குந்துங்க" என்றார், தண்ணீர் குடித்துத் தெளிந்த ஆரோக்கியசாமி. "பொண்ணக் குடுக்கறேன். உங்க புள்ளைய நிறுத்த வேற யாரால ஆவும்?"

இன்றும் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் என்னை ஜெபம் சொல்ல அழைக்கிறார்கள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு.