மூன்று சுழிக் கையெழுத்து

"மேடம், உங்க கையெழுத்தை யாராவது திருடிட்டா என்ன பண்ணுவீங்க?"

பல வருஷங்களுக்கு முன்னால், பள்ளியை விட்டுப் போகும் நாளில் ஒரு மாணவி தலைமையாசிரியை நமால்வாவிடம் கேட்டது.

"திருடட்டுமே. மூணு சுழி, ஒரு வால், வாலுக்கடியில ரெண்டு புள்ளி. போட்டுப் பார்த்தா கை சுளுக்கிக்கும்," என்றார் நமால்வா.

கேட்ட நெலிமாவுக்கு இப்போது நாற்பது வயது. சந்தைத் தெருவில் கணினிக் கடை வைத்திருக்கிறாள். நமால்வா ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிவிட்டது. இன்று அதே கையெழுத்தைப் போட அவளுடைய கடைக்கே வந்திருந்தார்.

புதிதாகத் திறக்கப்போகும் பெண்கள் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு அவரைத் தலைவராகக் கேட்டிருந்தார்கள். சம்மதப் படிவம் பிடிஎஃப்பாக வந்திருந்தது. பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் அடுத்த பெயர் மகோகா. ஆண்கள் பள்ளியின் பழைய தலைமையாசிரியர். முப்பது வருஷப் போட்டி.

"பிரிண்ட் வேண்டாம் மேடம். பிரவுசர்லயே போட்டுடலாம். இந்தக் கட்டத்துல மவுஸைப் பிடிச்சு இழுங்க."

நமால்வா இழுத்தார்.

"இது என்னடி, மழைக்கு வெளிய வந்த மண்புழுவாட்டம் இருக்கு?"

"பரவாயில்ல மேடம், எல்லாருக்கும் இப்படித்தான் வரும்."

"நான் எல்லாரும் இல்ல."

ஒன்பது மண்புழுக்களை அழித்தார். பத்தாவது கொஞ்சம் பாம்பு மாதிரி இருந்தது. அதற்குள் நகல் எடுக்க ஆள் வந்துவிட, நெலிமா எழுந்து போனாள்.

தனியாக இருந்த நமால்வாவின் கண்ணில் திரையின் மேல் ஓரத்தில் இருந்த சிவப்புப் பேனாப் படம் பட்டது. மவுஸால் தொட்டுப் பார்த்தார். சிவப்பாக எழுதியது. முப்பத்தொரு வருஷம் விடைத்தாள் திருத்திய கை. அது சும்மா இருக்குமா?

நெலிமா திரும்பி வந்து, கடைசிப் பக்கத்தில் இருந்த பாம்பை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

ஐந்தாவது நிமிஷம் கல்வி அலுவலக எழுத்தர் வஞ்சாலாவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், எங்க படிவத்துக்கு இருபதுக்குப் பதினொண்ணு போட்டிருக்கீங்க."

"பன்னெண்டே போட்டிருப்பேன். ஆனா மூணாவது பத்தியில சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கு."

"அது டைரக்டர் எழுதினது மேடம். 'கவனம் போதாது'ன்னு ஓரத்துல எழுதியிருக்கீங்க. அதைப் பார்த்ததுலேருந்து அவர் டீயைக் கூடத் தொடல. அதை விடுங்க, கையெழுத்தும் உங்களுது இல்லையே?"

"என்னுது இல்லையா?"

"எனக்குத் தெரியாதா மேடம் உங்க கையெழுத்து? வேலை கேட்டு வர்ற முக்கால்வாசிப் பேரு உங்க சிபாரிசுக் கடிதம்தானே கொண்டு வர்றாங்க. சுத்தமான படிவத்துல ஒழுங்காப் போட்டு அனுப்புங்க."

போனை வைத்த நமால்வாவின் முகம் மலர்ந்திருந்தது. "பார்த்தியா? நான் எப்பவோ கொடுத்த கடிதத்தை எல்லாம் இன்னும் பத்திரமா வச்சிருக்காங்க."

நெலிமா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, கையிலிருந்த மந்தாஸிப் பணியாரத்தை உள்ளே தள்ளி மூடிக்கொண்டாள்.

அடுத்து, நமால்வா வெள்ளைத் தாளில் தன் பேனாவால் கையெழுத்திட்டார். ஏழு வருஷமாகப் போடாத கை. மூன்றாவது சுழி கொஞ்சம் தடுக்கியது. நெலிமா அதைப் போனில் படம் எடுத்துப் படிவத்தில் ஒட்டினாள். சுற்றியிருந்த வெள்ளைத் தாளும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அவசரத்தில் அதையும் அனுப்பினார்கள்.

மறுபடி போன்.

"கையெழுத்து இருக்கு மேடம், ஆள் பேரைக் காணோம். வெள்ளையா மறைஞ்சு போச்சு. சுழியும் வேற மாதிரி இருக்கு. டைரக்டர் ஒத்துக்க மாட்டேங்கிறார்." குரல் தாழ்ந்தது. "மகோகா சார் இங்க வெளிய பெஞ்சுல வந்து உக்காந்துட்டார். கையில பேனா இருக்கு."

மணி பதினொன்று ஐம்பத்தாறு.

நமால்வா நாற்காலியில் சாய்ந்தார். "என் கையெழுத்தை நானே போட்டா ஒத்துக்க மாட்டேங்கிறாங்களே, நெலிமா."

நெலிமா அவரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"எதுக்கு?"

"திரும்பிக்குங்க மேடம்."

நமால்வா திரும்பினார். மவுஸில் இரண்டு சொடுக்குச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது படிவத்தின் அடியில் மூன்று சுழி, ஒரு வால், வாலுக்கடியில் இரண்டு புள்ளி. கருகருவென்று, பெயரை மறைக்காமல் நின்றது. அனுப்பியும் ஆகிவிட்டது.

போன் உடனே வந்தது.

"இது! இதுதான் மேடம் உங்க கையெழுத்து! டைரக்டரே தலையாட்டிட்டார். வாழ்த்துகள் தலைவரம்மா. மகோகா சாரைக் கிளம்பச் சொல்லிட்டேன்."

நமால்வா போனை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

நெலிமா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஏழு வருஷமா இந்தக் கம்ப்யூட்டர்லதான் மேடம் இருக்கு. சிபாரிசுக் கடிதம்னு ஊரே வந்து கேக்குது. கையால போட்டா சுளுக்கிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் என் சான்றிதழ்லேருந்து ஸ்கேன் பண்ணிட்டேன்."

நமால்வாவின் மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது. முப்பத்தொரு வருஷமாக அதற்கு அடுத்து வருவது பிரம்புதான். நெலிமா தன்னையறியாமல் கையை நீட்டிவிட்டாள்.

நீட்டிய கையோடு அவசரமாகச் சொன்னாள்: "மகோகா சாரோடதும் வச்சிருக்கேன் மேடம். இதுவரைக்கும் ஒருத்தர் கூட அதைக் கேக்கல."

நமால்வா கண்ணாடியை மேலே ஏற்றினார். கைப்பையை எடுத்துக்கொண்டார். வந்ததைவிட ஒரு சாண் உயரமாக வெளியே நடந்தார்.