போதும் மாமாவும் சிவப்பரிசி சுஷியும்

ஒரு சிறிய உணவகத்தை வாழவைப்பது எது, கொள்கையா, தயிரா? சமூகப்பணியில் பட்டம் பெற்று, உலகத்தைத் திருத்தும் பொறுப்பைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்த எனக்கு, கிழக்கேகோட்டையின் ஒரு சந்தில்தான் இந்தக் கேள்வி எழுந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் திருவனந்தபுரத்து உணவகங்களின் தலையெழுத்தை எழுதியவர் போதும் மாமா. எங்கள் அலுவலகக் கணக்கர், கோட்டைக்குள் அக்கிரகாரவாசி. எந்தக் கடை திறந்தாலும் முதல் வாரமே போய் உட்காருவார். மறுமுறை பரிமாற வரும்போது கையை விரித்து மறித்து, "போதும்" என்றாரானால் எங்கள் அலுவலகம் அங்கே காலெடுத்து வைக்காது. எங்களைப் பார்த்துப் பக்கத்து அலுவலகமும் வைக்காது. மாறாக, "இன்னும் இத்திரி போடு" என்றுவிட்டால் மறுநாள் அங்கே நிற்கவும் இடமிருக்காது. அவர் கை விரிந்து மூடிய கடைகளை வரிசையாக நிறுத்தினால் விழிஞ்ஞம் வரை போகும்.

மார்த்தாண்டத்துச் செல்வி, கோவளத்து விடுதியொன்றின் சமையலறையில் சுஷி என்னும் ஜப்பானியச் சோற்றுருளையை உருட்டக் கற்றவர். அதைச் சாதாரணச் சாப்பாட்டு விலைக்கே தருவதென்று அந்தச் சந்தில் கடை திறந்தார். நான் வாழ்த்திவிட்டு வந்திருக்கலாம். தீட்டிய அரிசியால் சமுதாயத்துக்கு விளையும் கேடுகளை விளக்கிவிட்டு வந்தேன். தவிடு நீங்காத சிவப்புக் குத்தரிசியில் செய்தால் உண்பவருக்கும் நலம், உழுபவருக்கும் நலம் என்றேன்.

"அண்ணே, அது உதிரி உதிரியால்லா நிக்கும். ஒட்டாதே?"

"ஒட்டவைப்பது நம் கடமை."

அந்தக் கடமையில் என் கைகளுக்குப் பங்கில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

குத்தரிசி சுஷி வந்தது, முதல் நான்கு நாளும் ஆட்கள் வரவில்லை. "இந்த மாசம் பாப்பேன், இல்லன்னா கடைய அடச்சிட்டு வீட்டுக்கு வந்திரணும்னு அப்பா சொல்லியாச்சு, அண்ணே" என்றார் செல்வி. விளைவுகளையெல்லாம் எடைபோட்டு, மறுநாளே நான் போதும் மாமாவை அழைத்துப் போனேன். எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் தீர்ப்பைக் கேட்கப் பின்தொடர்ந்தனர்.

"கறுப்பா சுத்தியிருக்கே, என்னடா இது? கார்பன் பேப்பரா?"

"கடலில் விளையும் கீரை, மாமா. உள்ளே வெள்ளரிக்காய். இதன் சமூகப் பயனைப் பார்த்தால்..."

"பயன் கிடக்கட்டும். சாப்பிடறதா, ஃபைல்ல வைக்கறதா?"

ஓர் உருளையை எடுத்தார். பாதி வழியில் அது தன் கொள்கையைக் கைவிட்டது. தட்டெங்கும் சிவப்புப் பருக்கைகள். அவர் விரலிடுக்கில் கடற்கீரை மட்டும். சமையலறை வாசலில் செல்வி அசையாமல் நின்றார். உழவர் நலம் பற்றி நான் வாயெடுத்தேன்.

"நீ செத்த மிண்டாதிரி" என்று என்னை அடக்கிவிட்டு மாமா திரும்பினார். "ஏம்மா, தயிர் உண்டோ?"

தயிர் வந்தது. கீரையைக் கிள்ளிப் போட்டார், வெள்ளரிக்காயை நசுக்கினார், எல்லாவற்றையும் பிசைந்து, உருட்டி விழுங்கினார். செல்வி அடுத்த தட்டோடு தயங்கித் தயங்கி வந்தார். மாமாவின் வலக்கை உயர்ந்தது. விரல்கள் விரியவில்லை.

"இன்னும் இத்திரி போடு."

மறுநாள் சந்தில் கூட்டம். எல்லோரும் சுஷிக்குத் தயிர் கேட்டார்கள். கற்ற கலைக்கு நேர்ந்த கதியை நினைத்துச் செல்வி முகத்தைச் சுளித்தார். ஆனால் கடையை அடைக்கவில்லை. குத்தரிசி வென்றதென்று நான் அலுவலகத்தில் ஒரு சிற்றுரை ஆற்றி முடித்தபோது, மாமா வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சிவப்பரிசி உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா, மாமா?"

"எனக்கா? எங்காத்துல அதை உள்ளயே விடமாட்டோம். நேத்துலேர்ந்து வயிறு கல்லாட்டம் கிடக்கு."

"பின்னே ஏன் இரண்டாம் தடவை?"

"அந்தப் பொண்ணு என் கையையே பாத்துண்டு நின்னாளேடா. எப்படி விரிக்கறது?"

அதற்குப் பிறகு, புதிதாகத் திறந்த கடை எதிலும் நான் முதல் தட்டோடு போதும் என்று சொல்வதில்லை.