காய்ப்பில்லாத கை

கொல்லிமலையில் கருப்பண்ணன் மத்தளம் தட்டாமல் ஆடித் திருவிழா ஆட்டம் தொடங்கியதில்லை. எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்ததால், அதைச் சீர்செய்ய ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. ‘இசைக்கலைஞர் உடல்நல அறிவியல் மையம்’ என்று பெயர் வைத்தார்கள். அதன் அலுவலர் முருகானந்தம், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வளைவுக்கு வளைவு ஜீப்பை நிறுத்தி வாந்தியெடுத்துக்கொண்டே, கலைஞரின் உடல்நலம் காக்க மேலே வந்து சேர்ந்தார்.

கருப்பண்ணனின் உள்ளங்கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“இது என்ன?”

“காய்ப்புங்க சார். தட்டித் தட்டி வந்ததுங்க.”

“வலிக்கிறதா?”

“இல்லீங்க.”

“உணர்ச்சியே போய்விட்டது” என்று வருத்தத்தோடு எழுதிக்கொண்டார்.

காய்ப்பு என்பது தொழில்வழிக் காயம், காயம்பட்டவர் வாசிக்கலாகாது. ஆகவே களிம்பு, கையுறை, பூரண ஓய்வு. காய்ப்பு கரைந்தால் ஆடிக்கு வாசிக்க அனுமதி.

ஆடி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் கருப்பண்ணன் சோறு தின்ன மட்டும் கையுறையைக் கழற்றினான். அவன் பங்கு குச்சிக்கிழங்கையும் சேர்த்து மனைவி பொன்னாயியே பிடுங்கினாள். அடுத்த முறை அலுவலர் வந்தபோது அவளும் கையை நீட்டினாள்.

“ஏனுங்க சார், எனக்குந்தான் காய்ச்சுக் கெடக்குது.”

“நீங்கள் என்ன கருவி?”

“மம்முட்டிங்க.”

“தோல்கருவியா, நரம்புக்கருவியா?”

“கெழங்குக் கருவிங்க.”

“மையத்தின் வரம்பில் வராது.”

ஆடி வந்தது. கருப்பண்ணன் கை வாழைக்குருத்தாகியிருந்தது. அனுமதியும் கிடைத்தது. முதல் பாட்டு முடியுமுன் கையெல்லாம் கொப்புளம் கிளம்பி உடைந்தது. மத்தளம் நின்றது.

“பார்த்தீர்களா? பூரண நலமுள்ள கையையே இந்தக் கருவி ஒரே பாட்டில் நாசமாக்கிவிட்டது” என்று அலுவலர் மத்தளத்துக்குத் தடை விதித்தார்.

ஊருக்குக் கோபம் வரும் என்று கருப்பண்ணன் எதிர்பார்த்தான். ஊர் அவன் மறுபடி மாட்டிக்கொண்ட கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. களிம்பும் ஓய்வும் சும்மா கிடைக்கிறதே. மத்தளத்தைத் தொட்டே பார்க்காதவர்களெல்லாம் பரம்பரை மத்தளக்காரர்களாகப் பதிந்துகொண்டார்கள்.

“மொளகு பறிக்க வாரியா வேலு?” என்று தோட்டக்காரர் கேட்டார்.

“கையப் பாருங்கண்ணா, நான் கலைஞன்.”

மறு ஆடிக்கு மையமே மத்தள ஓசையைப் பதிவு செய்து, பெரிய ஸ்பீக்கர் பெட்டியோடு அனுப்பியது. அதை ஜீப்பிலிருந்து கோயில் வாசலுக்குத் தூக்க வேண்டும். எல்லாரும் தத்தம் உள்ளங்கையைப் பார்த்தார்கள். அலுவலரும் தன்னுடையதைப் பார்த்தார். பொன்னாயி சும்மாடு சுற்றினாள்.

ஓசை கிளம்பியது. கையுறைக்குள் கருப்பண்ணனின் விரல்கள் தாமாகவே தாளம் போட்டன.

“ஆட்டாதீங்கண்ணா, ஆறிட்டு வருது” என்று வேலு கலைஞனுக்குக் கலைஞன் அக்கறையோடு சொன்னான்.

ஆட்டம் முடிந்தது. கொப்புளம் வந்துவிடும் என்று ஒருவரும் கைதட்டவில்லை. தட்டத் தடையில்லாத கை ஒன்றே ஒன்று இருந்தது. அது ஊருக்குச் சாப்பாடு வேண்டுமே என்று கிழங்கு பிடுங்கப் போயிருந்தது.