நடுவுலவர் ஏன் பாதியில் நின்றார்

மோட்டாரை ‘வாங்க, போங்க’ என்று பேசிய மனிதர் கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கிர்ரண்ணன். கொங்கு நாட்டில் மரியாதைக்குப் பஞ்சமில்லைதான். பால்காரரிலிருந்து பால் குடிக்கும் குழந்தை வரைக்கும் ‘ங்க’ போடுவோம். ஆனால் நாங்கள் உயிருள்ளவற்றோடு நிறுத்திக்கொள்வோம். கிர்ரண்ணன் நிறுத்தவில்லை.

சரவணம்பட்டியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், அவர் மகனுக்கு ஒதுக்கிய கார் நிறுத்துமிடத்தில் கார் நின்றதே இல்லை. ஒரு மேசையும் அதன்மேல் ஒரு மெஷினும் இருந்தன. கம்ப்யூட்டரில் வரைந்ததை மரப்பலகையில் தானே செதுக்கும் சின்ன சி.என்.சி. மெஷின். மகன் ஆசைப்பட்டு வாங்கி, பூட்டி, ஐ.டி. கம்பெனி வேலையில் அதை மறந்துவிட்டார். உடுமலைப்பேட்டையில் காலமெல்லாம் தேங்காய் வியாபாரம் செய்துவிட்டு மகன் வீட்டோடு வந்து சேர்ந்த அப்பா, அதைத் தத்தெடுத்துக்கொண்டார்.

அதில் மூன்று மோட்டார்கள். இடவலமாக நகர்த்துவது பெரியவர். முன்னும் பின்னும் நகர்த்துவது நடுவுலவர். கத்தியை ஏற்றி இறக்குவது சின்னவர். பெயர்கள் அவர் வைத்தவை. மோட்டார் திணறி நின்றால் ‘கிர்ர்ர்’ என்று பல்லைக் கடிக்கும். மாதக்கணக்கில் அது ஒன்றுதான் எங்கள் காதில் விழுந்தது. அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

மோட்டாரில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரே ஒரு முறைதான் இருந்தது. விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்பார். தேங்காயைத் தட்டிய பழக்கம்.

“பெரியவரு முத்திப் போயிட்டாருங்க. நடுவுலவரு இன்னும் எளசுங்க. தண்ணி ஆடுது.”

மோட்டாருக்குள் தண்ணீர் ஏது என்று நான் கேட்கவில்லை. நான் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும்கூட. கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார் என்று தெரியும்.

கரண்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று அந்த மெஷினில் உண்டு. அதை அவர் கூட்டிவிட்ட நாட்களில் மோட்டார் அடுப்பாகிவிடும். அதன்மேல் டம்ளரை வைத்துக் காபியைச் சூடாகவே குடிப்பார். குறைத்துவிட்ட நாட்களில் மோட்டார் நகராது. “ரோசம் வந்திருச்சுங்க, கொஞ்ச நேரம் உட்டுப் புடிக்கலாம்” என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம் மிக்ஸி விவகாரம். யாராவது மிக்ஸி போட்டால் அந்தக் கரண்ட் இரைச்சலில் நடுவுலவர் தப்படி வைக்கிறார் என்று ஒருநாள் முடிவுக்கு வந்தார். அது உண்மையாகவும் இருக்கலாம். வீடு வீடாக ஏறி இறங்கினார். இரண்டாம் மாடி கோமதி வீட்டு வாசலில் அவர் நின்றதை நானே பார்த்தேன்.

“ஏனுங்க அம்மணி, சட்னிய ஒரு பத்து நிமிசம் கழிச்சு அரைக்க முடியுங்களா? கீழ நடுவுலவரு மெரண்டுக்கறாருங்க.”

“அதுக்கென்னங்க, நிறுத்திப்போடறேன்” என்றார் கோமதி. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அந்த மாதம் முழுக்க எங்கள் கட்டடமே இட்லிப்பொடியில் உயிர் வாழ்ந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். என் படுக்கையறை முதல் மாடியில், சரியாக அந்த மெஷினுக்கு மேலே. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது நான் வேலையில் இருந்தபோதே ஆசைப்பட்டு வைத்திருந்த சுகம். அதில் மண் விழுந்தது. என் மனைவி ஸ்டெல்லாவிடம் புலம்பினேன்.

“அவரு மெசினு ஒரு சத்தம். நீங்க தூங்குனா ஒரு சத்தம். எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதானுங்க” என்றாள்.

கிர்ரண்ணனிடமே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் பலமுறை இறங்கினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது இதுதான்: “மெசினு நல்லா ஓடுதுங்களா?” உடனே அவர் முகம் மலரும். எனக்கு ஒரு நாற்காலி வரும். ஒரு மணி நேரம் போகும்.

ஆகவே சங்கத்தின் பெயரால் ஒரு நிபந்தனை வைத்தேன். அடுத்த கூட்டத்துக்குள் எல்லா வீட்டுக்கும் ஒழுங்கான பெயர்ப் பலகை செதுக்கித் தந்தால் மெஷின் இருக்கலாம். இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். முடியாது என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன்.

அவர் மெஷின்மேல் இருந்த மரத்தூளைத் துடைத்தார். பிறகு சொன்னார்: “இது இல்லீனா நான் பகலெல்லாம் சொவத்தைப் பாத்துட்டுத்தான் உக்காந்திருக்கோணுமுங்க. செஞ்சு காட்டறேனுங்க.”

செய்தும் காட்டினார். எந்தத் திருகு எப்போது சரியான இடத்துக்கு வந்ததோ, ஒரு வாரத்தில் மூன்று மோட்டார்களும் வெண்ணெயாக ஓடின. முதல் பலகையில் என் பெயர். அச்சடித்த மாதிரி இருந்தது. என் மத்தியானத் தூக்கத்துக்கு நிரந்தரமாகச் சங்கு ஊதியாகிவிட்டது.

ஒவ்வொரு மோட்டாருக்கும் கரண்ட் அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதன் விலாவில் அரிசி அளவுக்குச் சுவிட்சுகள். மோட்டார் ஒவ்வோர் அடியையும் எத்தனை துண்டாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று சொல்பவை அவை. “இது பையன் வெச்சதுங்க. இதைய நான் தொடறதில்லைங்க” என்று கிர்ரண்ணன் என்னிடமே சொல்லியிருந்தார். மற்ற விவரத்தை நான் போனில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கி, நடுவுலவரின் பெட்டியில் பல்குத்தும் குச்சியால் ஒரு சுவிட்சைத் தள்ளிவிட்டு வந்தேன். என் எழுபதாண்டு வாழ்க்கையில் நான் படிப்பைப் பயன்படுத்திச் செய்த ஒரே கெட்ட காரியம் அது.

அன்று முதல் நடுவுலவர் போக வேண்டிய தூரத்தில் பாதிதான் போனார். எழுத்தின் அகலம் அப்படியே இருந்தது, உயரம் பாதியாகிவிட்டது. ஒவ்வொரு பெயரும் யாரோ ஏறி உட்கார்ந்து எழுந்த மாதிரி பலகையின் அடியில் நசுங்கிக் கிடந்தது. மேல்பாதி காலி.

கிர்ரண்ணன் நடுவுலவரைத் தட்டிப் பார்த்தார். வயரை மாற்றினார். பெரியவரைக் கழற்றி நடுவுலவர் இடத்தில் பூட்டினார். அங்கே போனதும் பெரியவரும் பாதியில் நின்றார். “ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்களாட்ட இருக்குதுங்க” என்றார். மெஷினைக் கிழக்குப் பார்த்துத் திருப்பியும் வைத்தார். மகன் வைத்த சுவிட்சுகளை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

“ஏனுங்க புரபசரு, நீங்க படிச்சவீங்க. ஏதாச்சும் தோணுதுங்களா?”

“வெயில் காலமுங்க. இரும்பு விரியுமுங்க” என்றேன்.

அடுத்த நாள் மெஷினைச் சுற்றி நனைத்த சாக்குகள் தொங்கின, வெற்றிலைக் கடையைப் போல. மணிக்கொரு முறை அவர் வாளியோடு நின்று சாக்குகளை நனைத்துக்கொண்டிருந்தார். மேலே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் நின்றிருந்ததால் சத்தமில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

கூட்ட நாள் வந்தது. நசுங்கிய பலகைகள் வரிசையாக இருந்தன. நம்முடைய ஆட்களைப் பற்றி நான் கணக்குப் போட மறந்துவிட்டேன்.

“நல்லாத்தானுங்க இருக்குது” என்றார் ஒருவர்.

“கொஞ்சம் குனிஞ்சு படிச்சாப் போச்சு” என்றார் இன்னொருவர்.

“மேல காலி எடம் இருக்குதுங்களே, சாமி படம் ஒட்டிக்குவனுங்க” என்றார் கோமதி.

மெஷின் இருக்கட்டும் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். செயலாளரான நானும் தூக்கினேன். எழுந்து நின்று மறுத்தவர் கிர்ரண்ணன் ஒருவர்தான்.

“நீங்கெல்லாம் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. எனக்குக் கண்ணு தெரியுதுங்களே. சொன்ன வாக்குன்னு ஒண்ணு இருக்குதுங்க. நாளைக்கு டெம்போ வருது. உடுமலைக்கு ஏத்தி உட்டுப்போடறேனுங்க.”

மறுநாள் காலையில் பூசைக்கு முன்பே மாதா கோவிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டேன்.

“சாமி, அடுத்தவர் பொருளில் கை வைத்துவிட்டேன்.”

“திருடுனீங்களா?”

“இல்லைங்க சாமி. ஒரு சுவிட்சைத் தள்ளிவிட்டேன்.”

“யாருக்காவது ஷாக் அடிச்சுதா?”

“இல்லைங்க. எழுத்து சப்பையாகிவிட்டது.”

மோட்டார், அடி, துண்டு, பாதித் தூரம் எல்லாவற்றையும் விளக்கினேன். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்கள் செருமத் தொடங்கினார்கள்.

“புரபசர், எனக்கு ஒண்ணும் வெளங்கலை. ஆண்டவருக்கு வெளங்கியிருக்கும். ஆனா இதை நீங்க சொல்ல வேண்டியது எங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்லை. பார்க்கிங்குக்குப் போங்க” என்றார் சாமியார்.

போனேன். டெம்போ வந்து நின்றிருந்தது. கிர்ரண்ணன் மெஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பல்குத்தும் குச்சியைக்கூட விடவில்லை.

கேட்டு முடித்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை. சாக்கை விலக்கினார். நடுவுலவர்மேல் கையை வைத்தார்.

“மன்னிச்சுக்கோங்க. உங்களைப் போயி சந்தேகப்பட்டுப்போட்டனுங்க.”

பெரியவரிடமும் அதையே சொன்னார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப வெயில்ல இரும்பு விரியறதுங்க?”

“விரியுங்க. இவ்வளவு விரியாதுங்க.”

“சாக்கு நனைச்சு நனைச்சு எனக்குச் சளி புடிச்சிருச்சுங்களே” என்றார். அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான். பிறகு நிஜமாகவே புரியாமல் கேட்டார்: “தூக்கம் கெடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மத்தியானம் நிறுத்தியிருப்பனுங்களே. ஏனுங்க சொல்லலை?”

நான் குனிந்து, தள்ளிவிட்ட சுவிட்சைப் பழையபடி தள்ளி வைத்தேன்.

டெம்போ காலியாகத் திரும்பியது. எல்லா வீட்டுக்கும் புதுப் பலகை வந்தது. என் முதல் பலகையைக் கழற்றித் தந்துவிட்டு, நசுங்கிய எழுத்தில் ஒன்று எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கூரியர்காரர்கள் குனிந்து படிக்கிறார்கள்.

போன வருடம் மகனுக்கு வேலை பெங்களூருக்கு மாறியது. கிர்ரண்ணனும் போய்விட்டார். அங்கே இடமில்லாததால் மெஷின் இங்கேயே நிற்கிறது. சாவி என்னிடம். மத்தியானம் அவர் போன் செய்வார். நான் இறங்கிப் போய் மெஷினை ஓட்டி, போனைப் பக்கத்தில் பிடிப்பேன். சில மாதங்களுக்கு முன்பு, எங்களுக்கு அடுத்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் படியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னங்க சார், மெசினு நல்லா ஓடுதுங்களா?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஓட்டும் நேரத்தை மாலை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று சுவிட்சுகள்மேல் டேப்பும் ஒட்டியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஐந்து மணிக்குப் போன் வருகிறது. மூன்று பேரையும் ஓட்டிக் காட்டுகிறேன். நிறுத்தியதும் விரலை மடக்கி ஒவ்வொருவரையும் தட்டுகிறேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது.

“மூணு பேரும் நல்லாயிருக்காங்க” என்கிறார். “நீங்க எப்படி இருக்கறீங்க?”