மூக்கண்ணனின் மூன்றாவது ஜாடி

பினாங்குத் தீவில் எத்தனையோ மூக்குகளைப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு மூக்குக்குப் பயந்து லிஃப்டை விட்டுவிட்டுப் பதினோரு மாடி படியேறியது ஒரே ஒரு ஆளுக்காகத்தான். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியில் இருந்த அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் மூக்கண்ணன்.

முதல் நாளே அதிர்ச்சிதான். லிஃப்டில் ஒரு மூலையில் தலை குனிந்து நிற்கிறேன். புது ஆள் பக்கத்தில் இருந்தால் எனக்கு வாய் திறக்காது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சை ஒரு இழுப்பு இழுத்தார்.

“அக்கா, இன்னிக்கு சாம்பாருக்குப் பெருங்காயம் பத்தல போலருக்கே.”

அவர் சொன்னது நிஜம். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித்தான் போட்டிருந்தேன். கூட இருக்கும் என் மகனுக்கே அது தெரியாது. அன்றிலிருந்து ஒரு மாதம் படிக்கட்டுதான்.

ஒரு பெரிய ஹோட்டலில் முப்பது வருஷம் விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒயின் ஊற்றிக் கொடுத்தவர் அவர். வேலையை விட்டதும், வெள்ளை ஒயினைத் தானே வீட்டில் போடுவதென்று கிளம்பிவிட்டார். விற்பதற்கு இல்லை. தானும், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பார்க்கும் சிநேகிதர்களும் குடிக்கத்தான்.

“கடையில ஒரு பாட்டில் வாங்குனா ஒரு வாரத்து மீன் போச்சுக்கா. அதே வாசத்தை நான் பசார்லருந்து கொண்டாறேன் பாருங்க.”

சீனாவிலிருந்து வரும் பச்சை மஸ்கட் திராட்சை ஒரு காலத்தில் கண்ணால் பார்ப்பதோடு சரி. இப்போது மலிந்து குவிந்து கிடக்கிறது. அதிலும் கொத்திலிருந்து உதிர்ந்த பழம் இன்னும் மலிவு. அதை வாங்குவதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் காது வரைக்கும் தலையை விட்டு மோந்து பார்ப்பார். பழக்கடைச் சீன அம்மா மலாயில் கத்துவாள். “அங்கிள், பெலி லா! ஜாங்கான் சியூம் சாஜா!” வாங்கு, சும்மா மோந்து பார்க்காதே என்று அர்த்தம். பசாரே திரும்பிப் பார்க்கும். நான் அவரைத் தெரியாதவள் மாதிரி கீரைக்கட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

ஒயினைக் காலால் மிதித்துச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அவர் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் கால்மேலேயே கண். அப்படியெல்லாம் இல்லை. பழத்தைக் கழுவி, கையால் பிசைந்து, தோலோடு ஒரு ராத்திரி ஐஸ்பெட்டியில் வைப்பார். வாசமெல்லாம் தோலில்தான் இருக்கிறதாம். மறுநாள் வடிகட்டி, சாற்றைத் தெளியவிட்டு, பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஈஸ்ட் போடுவார். மூடியில் ஒரு ரப்பர் குழாய், குழாயின் நுனி தண்ணீர்க் கிண்ணத்துக்குள். உள்ளே நுரைக்கிற காற்று அதன் வழியே ‘புளுக்’ என்று வெளியே வரும். மரப்பீப்பாய் கிடையாது, வருஷக்கணக்கில் காத்திருப்பதும் கிடையாது. மூன்று நான்கு வாரம் குளிர்ச்சியில் இருந்து, வண்டல் அடியில் தங்கியதும் தெளிவை மேலாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் குளிர்ச்சிக்குத்தான் பினாங்கில் எங்கே போவது? முதல் வருஷம் ஜாடியைக் கம்பளியில் சுற்றி, மார்போடு அணைத்து, மலை ரயிலில் ஏறிவிட்டார். மலை மேல் தோட்டவேலை பார்க்கும் ஒரு கூட்டாளி வீட்டில் வைப்பதற்கு. யாரோ ஒரு வெளியூர்ப் பெண் பச்சைக் குழந்தை என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தாளாம். “பாப்பா தூங்குதா?” என்று கம்பளியை விலக்கியிருக்கிறாள். பாப்பா ‘புளுக்’ என்றதாம். அவள் போட்ட சத்தத்தில், அதற்குப் பிறகு இவர் கம்பளியோடு போனாலே டிக்கெட் கொடுப்பவர்கள் அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள்.

பிறகு ஜாடிக்கென்றே பழைய ஐஸ்பெட்டி இன்னொன்று வாங்கினார். அதில் இரண்டு ஜாடிதான் பிடிக்கும். இரண்டு போதும் என்றிருந்தவருக்கு, மகள் கல்யாணம் நிச்சயமானது.

ஒரு நாள் கதவைத் தட்டினார். கையில் மூன்றாவது ஜாடி.

“அக்கா, முப்பது வருஷம் ஊர்க்காரன் கல்யாணத்துக்கெல்லாம் ஊத்திக் கொடுத்தேன். மேல் டேபிளுக்கு நல்ல ஒயினு, கீழ் டேபிளுக்கு மட்ட ஒயினு. எம்மக கல்யாணத்துல அது கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் நம்ம ஃப்ளாட்டு ஜனமும் ஒரே ஒயின், ஒரே கிளாஸு. மூணு ஜாடி இருந்தாத்தான் எல்லாருக்கும் எட்டும். உங்க வீட்டுலதான் வெயில் படாது.”

“ஐயோ தம்பி, சாமி இருக்குற வீடு!”

“சாமிக்குத் தெரியாம ஜாடிய செவத்தைப் பாத்துத் திருப்பி வைங்கலா.”

முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வராது. ஒரு பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றி, ஜாடியை அதில் நிறுத்தி, தன் பழைய கைலியை நனைத்துச் சுற்றி, மின்விசிறியைப் போட்டுவிட்டு, “குளுமையா வைங்கக்கா” என்று சொல்லிவிட்டுக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க தாசேக் கெலுகோர் போய்விட்டார். வர இரண்டு நாள் ஆகும்.

நான் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ‘புளுக்’. சாமி விளக்கைத் துடைத்துவிட்டு வந்தேன். இன்னொரு ‘புளுக்’. இவ்வளவு மெதுவாகவா? ஈரத்துணியும் காற்றுமாகக் கிடந்தால் எது பொங்கும்? ஐம்பது வருஷமாக இட்லிக்கு மாவு புளிக்க வைக்கிறேன், ஒரு ஆம்பளையா எனக்குச் சொல்லித் தருவது? மழைநாளில் மாவு பொங்காவிட்டால் துணி சுற்றி அடுப்போரம் வைப்பதில்லையா? கைலியை அவிழ்த்தேன். கம்பளியைச் சுற்றினேன். நகர்த்தி நகர்த்தி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

சாயங்காலத்துக்குள் ஜாடி பேயாட்டம் ஆடியது. புளுக் புளுக் புளுக் என்று கிண்ணத்துத் தண்ணீரே கொதித்தது. நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். வாசம் வந்தது பாருங்கள்! ரோஜா, ஆரஞ்சுப் பூ, லைச்சிப் பழம் எல்லாம் ஒன்றாக. இரண்டு நாளும் அப்படித்தான். மாடி பூராவும் ஜனம் வெளியே வந்துவிட்டது. “யார் வீட்ல விசேஷம்?” என்று ஒவ்வொரு கதவாகக் கேட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூக்கண்ணன் வந்தார். லிஃப்ட் கதவு திறந்ததுமே அவர் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஓடி வந்து அடுப்போரம் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா… வாசம் வெளிய வந்துருச்சுன்னா உள்ள என்னக்கா இருக்கும்? அது ஓடிறக் கூடாதுன்னுதானே குளுமையில மெதுவா விடறது.”

“மாவு மாதிரின்னு நெனச்சுட்டேன் தம்பி” என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பழ மலிவு முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மூக்கண்ணன் மூன்று ஜாடியையும் ஒன்றாகக் கலந்துதான் பாட்டிலில் அடைத்திருந்தார். நல்ல இரண்டை மாப்பிள்ளை வீட்டுக்கும், நான் கெடுத்ததை எங்களுக்கும் என்று அவர் பிரிக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே கிளாஸ். கோலாலம்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா கிளாஸைச் சுழற்றி, மோந்து பார்த்து, உரக்கச் சொன்னார்.

“டேஸ்ட் பரவால்ல. வாசந்தான் கம்மியா இருக்கு.”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன். எல்லார் முன்னாலும் என் பேர் வரப்போகிறது.

மூக்கண்ணன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். “கரெக்ட் சார். பாதி வாசத்தை எங்க மாடி ஜனம் முன்னாடியே எடுத்துக்கிச்சு. அவங்க பந்தி ரெண்டு நாளு நடந்துச்சு. இது மீதி.”

எங்கள் பதினோராவது மாடி மொத்தமும் கைதட்டிச் சிரித்தது. எதற்கென்றே தெரியாமல் பெரியப்பாவும் சிரித்து, இன்னொரு கிளாஸ் கேட்டார். ஜாடி யார் வீட்டில் இருந்தது என்று மூக்கண்ணன் இன்றுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. நானாக இப்போது எழுதினால்தான் உண்டு.

மறு வருஷம் திராட்சை மலிந்த நேரம், ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மூக்கண்ணன். கையில் ஜாடி.

“இந்தாங்கக்கா” என்று நீட்டிவிட்டு, எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவர் பாட்டுக்குப் போய்விட்டார். என் ஆயுசில் அதைப்போல் ஒரு அதிர்ச்சி எனக்கு வந்ததில்லை.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. அதை ஜாடிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அந்த மாதம் முழுக்க நான் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன்.