பஸ்ஸைத் தலைகீழாக ஓட்டிக் காட்டியவர்

நாம் எல்லோரும் உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கிறோமே என்று கவலைப்பட்டே இளைத்துப்போன மனிதர், புதுச்சேரி மாநிலத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். கிருமாம்பாக்கத்தில், கடலூர் சாலையை ஒட்டிய டைல்ஸ் கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் அங்கே சேல்ஸ்மேன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் தொடவில்லை. ஊருக்கு அவர் 'தலைகீழ்'. நான் மட்டும் மரியாதையாக 'தலைகீழண்ணே' என்பேன்.

கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுகிறது, மூளைதான் அதை நிமிர்த்தித் தருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தாராம். மற்ற பிள்ளைகள் பரீட்சையோடு அதை மறந்துவிட்டார்கள். இவரால் முடியவில்லை.

நெட்டப்பாக்கத்திலிருந்து ஒருவர் பாத்ரூமுக்கு டைல்ஸ் பார்க்க வந்தார். "இந்த நீலம் நல்லாக்குதே" என்றார்.

"நல்லாக்குதுன்னு ஒங்க மூளை சொல்லுது சார். வூட்டு லைட்டுல அதே மூளை வேற சொல்லும்."

வந்தவர் யோசித்தார். "அப்போ எம் பொண்டாட்டிய இட்டாறேன். அவ மூளையையும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்." போனவர் போனவர்தான்.

ஒரு நாள் மத்தியானம் கடையில் ஆளில்லை. முதலாளி தேடிக்கொண்டு வந்தால், இருட்டு குடோனில் அண்ணனைச் சுற்றி நாங்கள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம்.

"இன்னாடா பண்றீங்க இங்க?"

"பஸ்ஸு பாக்கறோம் மொதலாளி."

ஷட்டரில் அண்ணன் கண்டுபிடித்த சின்ன ஓட்டை வழியாக வந்த வெளிச்சம், சாலையையே எதிர்ச் சுவரில் வரைந்திருந்தது. கடலூர் பஸ் சக்கரத்தை மேலே தூக்கிக்கொண்டு அமைதியாகப் போனது. திட்ட வாயெடுத்த முதலாளி, "அய்யய்யோ, என் காரு கவுந்து கெடக்குதே!" என்று வெளியே ஓடினார். கார் நிமிர்ந்தே நின்றது. திரும்பி வந்து அவரும் எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் ஷோரூமில் மாதிரித் தரை ஒன்று பதித்தார். நான் குனிந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, டைல்ஸ் சேரும் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். "இன்னாண்ணே, கோடு பாம்பு மாதிரி நெளியுது?"

"நெளியுதா? நூல் கட்டிப் போட்டேம்மா! இன்னொரு கண்ணால பாரு."

பார்த்தேன். நேராக இருந்தது. மறுபடி இடது கண்: நெளிந்தது. நடுவில் ஒரு மங்கல் வேறு. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றது.

"வண்டியில ஏறு."

"பில்லு பாதில நிக்குதுண்ணே."

"கெடக்குது, ஏறு ரோசி!"

தூக்கத்திலும் பேசுகிறவர், கண் ஆஸ்பத்திரி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்து வீங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். "ஒரு கண் கெட்டுப்போனா இன்னொரு கண் ஈடுகட்டிடும்மா. அதனாலதான் நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. நல்லவேளை, இப்பவே வந்தீங்க." அதன்பின் சில மாதங்கள் கண்ணில் ஊசி போட்டார்கள். நெளிந்த கோடு கொஞ்சம் கொஞ்சமாக நேரானது. இதை இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த முதல் நாள், டாக்டர் அறையிலிருந்து நான் வெளியே வந்தபோது, காத்திருந்த பெஞ்சு முழுக்க ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் அண்ணன். "ஒரு கண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு மறைச்சிடும்பா. தனித்தனியா விசாரிக்கணும்!"

நர்ஸ் கோபமாக வந்தார். "யாருங்க இந்த ஆளு? யார்கூட வந்தாரு?"

நான் கையைத் தூக்கினேன்.

"ஒங்களுக்கு இன்னா வேணும் இவரு?"

"கூடப் பொறந்தவரு" என்றேன். பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.